பொழுது சாய்ந்தால் முடிந்த ஆட்டம்

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் நாங்கள் பம்பரம் விட்ட நாட்களில் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி யாரும் வரவேண்டியதில்லை. வெளிச்சம் மங்கினால் தரையில் கிழித்த வட்டம் கண்ணுக்குத் தெரியாது. வட்டம் தெரியாவிட்டால் ஆட்டம் இல்லை. கோயில் பக்கமிருந்து மணிச் சத்தம் வரும், வீடுகளில் விளக்குப் போடுவார்கள், “விளக்கு வெக்கிற நேரத்துல இன்னும் தெருவுல என்னடா வேல?” என்று ஏதோ ஒரு அம்மாவின் குரல் கேட்கும். அது எந்தப் பையனின் அம்மாவாக இருந்தாலும் எல்லோரும் கலைந்துவிடுவோம்.

அதே தெருவில் என் தங்கை வீட்டில் இப்போது இரவு பதினொன்றரை மணி. போர்வைக்குள்ளிருந்து போன் வெளிச்சம் கசிகிறது. பதின்மூன்று வயது மருமகன், “ஒரே மேட்ச் மாமா, முடிஞ்சிடும்” என்கிறான். பத்தரை மணிக்கும் இதையேதான் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. அந்த மேட்ச் முடிந்துவிட்டது; அடுத்தது தொடங்கிவிட்டது.

பிள்ளைகள் மாறிவிட்டார்கள் என்று கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் பேசிக்கொள்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டத்தின் மேல் எங்களுக்கும் இதே வெறி இருந்தது. சோறு வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம் என்று திரிந்தவர்கள்தான் நாங்களும். ஆனால் எங்கள் ஆட்டத்துக்கு முடிவு வெளியே இருந்து வந்தது. சூரியன் கொண்டுவந்தது, தெரு கொண்டுவந்தது, கையில் கோலி தீர்ந்துபோனது கொண்டுவந்தது. இன்றைக்கு அந்த முடிவைப் பிள்ளை தன் மனசுக்குள்ளிருந்து, தனியாக, நடு ராத்திரியில் எடுக்கவேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்கே முடியாத காரியம் அது.

பம்பரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டவேண்டும், ஏனென்றால் அந்த ஆட்டத்தைப் பார்த்தே இராத பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். சாட்டையைச் சுற்றி எல்லோரும் ஒன்றாகப் பம்பரத்தை வீசுவோம். சுற்றும் பம்பரத்தின் அடியில் சாட்டையைக் கொடுத்துச் சுண்டி மேலே தூக்கி, கையில் பிடித்து “அபீட்” என்று கத்தவேண்டும். கடைசியாக அபீட் எடுத்தவனுடைய பம்பரம் வட்டத்துக்குள் போகும். மற்றவர்கள் அதன் மேல் குறிவைத்துத் தங்கள் பம்பரத்தை அடிப்பார்கள். ஆணி இறங்கிய பள்ளத்துக்கு ஆக்கர் என்று பெயர். புதுப் பம்பரத்தில் முதல் ஆக்கர் விழும்போது நெஞ்சில் விழுந்த மாதிரி இருக்கும். அடி தாங்காமல் பம்பரம் இரண்டாகப் பிளந்துவிட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, அவ்வளவுதான். இன்னொரு பம்பரம் வாங்க அப்பா எப்போது காசு கொடுப்பார் என்பது அப்பாவுக்கே தெரியாது. தோற்றவனுக்குக் காத்திருப்பு இருந்தது. ஒரு வாரம் மற்றவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த ஒரு வாரத்தில் ஆசை தானாக ஆறிப்போகும், அல்லது கில்லிக்கு மாறிவிடுவான்.

இந்த ஊருக்கும் விளையாட்டுக்கும் பழைய உறவு. பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். கருவடிக்குப்பத்துச் சித்தானந்த சுவாமி கோயிலைப் பாடியவர், இங்கிருந்த மாந்தோப்பில் உட்கார்ந்து குயில் பாட்டை எழுதியவர். குயில் தோப்பு என்ற பெயர் அதனால் வந்தது. பாப்பா பாட்டும் அந்தப் புதுச்சேரி வருஷங்களில் பிறந்ததுதான். இளைய மகள் சகுந்தலாவுக்கு வீட்டில் பெயரே பாப்பா. ஒரு பிள்ளையின் நாளை அந்தப் பாட்டில் அவர் பங்கு பிரித்துக் கொடுத்தபோது மாலையை மிச்சம் வைக்காமல் விளையாட்டுக்கே எழுதிவைத்தார். மாலை என்றால் பொழுது சாயும்வரைதான் என்பது சொல்லாமலே விளங்கிய காலம். தோப்பு இன்று அப்படியே இல்லை. அதைச் சுற்றியிருந்த வெட்டவெளிகளும் இல்லை.

அன்றைய தெருவைச் சொர்க்கமாகக் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. கில்லி பறந்து வந்து கண்ணில் அடித்து, ஒரு கண்ணில் பார்வை குறைந்துபோன நண்பன் எனக்கு உண்டு. காத்தாடி விடும் மாஞ்சா நூல் விரலை அறுத்த தழும்பு என் வலது கையில் இன்னும் இருக்கிறது. எல்லாத் தெருப் பிள்ளைகளையும் எல்லா ஆட்டத்திலும் சேர்த்துக்கொண்டோம் என்று சொன்னால் அது பொய். என் அக்காவைப் பற்றியும் சொல்லவேண்டும். நொண்டியில் அவளை ஜெயிக்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது. ஏழு கல்லில் அவள் பந்து எறிந்தால் குறி தப்பாது. வயதுக்கு வந்த அன்றைக்கு அவளுடைய ஆட்டம் முடிந்தது. திண்ணையில் பல்லாங்குழியும் தாயமும் மிச்சம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் ஆடுவதைப் பார்த்தபடி நின்ற அவள் முகம் எனக்கு மறக்கவில்லை. வெளியே இருந்து வந்த முடிவு எல்லோருக்கும் நியாயமாக வரவில்லை.

வீடியோ கேம் என் கண்ணில் முதலில் பட்டது 1993 வாக்கில். முத்தியால்பேட்டையில் ஒரு சின்னக் கடை. நான்கு டிவி, நான்கு பெட்டி, எட்டு ஸ்டூல். டிவி கேம் என்றுதான் சொல்வோம். ஜப்பான்காரர்களின் நிண்டெண்டோ பெட்டியை அப்படியே நகலெடுத்து மலிவாகச் செய்த பெட்டிகள் அவை. மஞ்சள் நிறக் கேசட்டைச் சொருகினால் மரியோ வரும், கான்ட்ரா வரும். படம் வராவிட்டால் கேசட்டை உருவி, வாயால் ஊதி, மறுபடி சொருகுவோம். மணிக்குப் பத்து ரூபாய். கடைக்காரர் நாற்பது பக்க நோட்டில் பெயரையும் உட்கார்ந்த நேரத்தையும் எழுதிவைப்பார். அரை மணி ஆனதும், “தம்பி, டைம்” என்பார். அந்தச் சொல்லுக்கு அப்பீல் கிடையாது.

ஒருவன் ஆட, பின்னால் ஆறு பேர் நின்று வேடிக்கை பார்ப்போம். கான்ட்ராவில் மூன்று உயிர். அதற்கு லைஃப் என்று பெயர். இரண்டு பேர் சேர்ந்து ஆடும்போது ஒருவனுக்கு லைஃப் தீர்ந்தால் மற்றவனிடமிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். அதைக் கேட்டு வாங்கியவனும் கேட்காமல் எடுத்தவனும் கடை வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டதுண்டு. அரிசி வாங்கக் கொடுத்த காசில் நான் டிவி கேம் ஆடி, வீட்டில் விறகுக் கட்டையால் அடி வாங்கியதும் உண்டு. ஆகவே அடிமையாவது என்ற பேச்சு புதிதல்ல. ஆனால் அந்த விளையாட்டுக்கும் முடிவு இருந்தது. மரியோ கடைசிக் கோட்டையில் இளவரசியைக் கண்டுபிடித்துவிட்டால் கதை முடிந்தது. கான்ட்ராவில் எட்டு கட்டம், எட்டாவது முடிந்தால் ஹெலிகாப்டர் கிளம்பிப் போய்விடும். ஒரு கோடைக்கால விடுமுறையில் நாங்கள் அதை முடித்தோம். முடித்த பிறகு அந்தக் கடைக்குப் போகும் ஆசை எங்களுக்குப் பாதியாகிவிட்டது.

பிறகு நோக்கியா போனில் பாம்பு விளையாட்டு வந்தது, பிரவுசிங் சென்டர்கள் வந்தன. அங்கேயும் கேபினில் பையன்கள் துப்பாக்கி விளையாட்டு ஆடினார்கள். அங்கேயும் மணிக் கணக்கு இருந்தது, இரவு ஷட்டர் இறங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவின் விலை சரிந்தபோதுதான் கடிகாரம் கழன்றது. 2018-இல் பப்ஜி மொபைல். 2020 மார்ச்சில் ஊரடங்கு. பள்ளிக்கூடமே போனுக்குள் போய்விட்டது. போன் தரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த வீடுகள்கூட ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் வாங்கிப் போன் வாங்கிக் கொடுத்தன. என் தங்கையும் அப்படித்தான் வாங்கினாள். அப்போது மருமகனுக்கு எட்டு வயது. வெளியே போகாதே, யாரையும் தொடாதே, தெருவில் நிற்காதே என்று ஒன்றரை வருஷம் சொல்லி வளர்த்தோம். பிள்ளைகள் ஒன்றுகூடிக் கத்துவதற்கு அந்தக் காலத்தில் கிடைத்த ஒரே திடல் அந்த ஐந்தங்குலக் கண்ணாடிதான். அதை நான் மறக்கமாட்டேன். அந்த நாட்களில் அந்த விளையாட்டு இல்லாதிருந்தால் இந்தப் பிள்ளை எப்படியிருந்திருப்பான் என்று நினைத்துப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

இப்போது அந்தப் பதினொன்றரை மணிக்கு வருகிறேன். அவன் ஏன் அந்த நேரத்தில் ஆடுகிறான் என்று எங்களில் யாரும் கேட்டிருக்கவில்லை. திட்டினோம், போனைப் பிடுங்கினோம், வைஃபையை அணைத்தோம். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான்கு பேர் கொண்ட ஸ்குவாட். அதில் ஒருவன் பாரிசில் இருக்கும் அவனுடைய பெரியப்பா மகன். புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்கள் இங்கே எத்தனையோ. பாதிக் குடும்பம் இங்கே, பாதி அங்கே. அந்தப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வர மாலை ஐந்து மணியாகிறது. குளிர்காலத்தில் அங்கே ஐந்து என்றால் இங்கே இரவு ஒன்பதரை. அவன் வீட்டுப்பாடம் முடித்துச் சிற்றுண்டி சாப்பிட்டு வந்து உட்கார்ந்தால் இங்கே பத்தரை. அங்கே பொழுது சாய்கிற நேரத்து ஆட்டத்தைத்தான் இவன் இங்கே நள்ளிரவில் ஆடிக்கொண்டிருந்தான்.

காதில் ஹெட்போனை வாங்கி வைத்துக் கேட்டேன். பாரிஸ் பையன், “டேய் பின்னாடி வாடா, செவுத்துக்குப் பின்னாடி!” என்று கத்துகிறான். இரண்டு வருஷத்துக்கு முன் லீவுக்கு இங்கே வந்தபோது பாட்டி கேட்டதற்கெல்லாம் பிரெஞ்சில் ஒற்றைச் சொல் பதில் சொன்ன பிள்ளை அவன். பாட்டி அழுதுவிட்டாள். இப்போது முத்தியால்பேட்டைத் தமிழ் அப்படியே வருகிறது. நம்ம பையன் “ஆ கோஷ், ஆ கோஷ்” என்கிறான்; இடது பக்கம் போ என்று அர்த்தமாம். எந்தப் பள்ளிக்கூடமும் கொடுக்காத ஒன்றை அந்த விளையாட்டு இரண்டு பேருக்கும் கொடுத்திருக்கிறது. போனைப் பிடுங்கியபோது நாங்கள் எதையெல்லாம் சேர்த்துப் பிடுங்கினோம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த விளையாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் அன்றைக்கே புரிந்தது. ஒரு மேட்ச் ஏறக்குறைய அரை மணி நேரம். நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. இவன் எழுந்தால் மற்ற மூன்று பேரும் தோற்பார்கள். “சாப்பிட வா” என்று அம்மா கூப்பிடும்போது அவன் “அஞ்சு நிமிஷம்” என்று எரிந்து விழுவது திமிரால் மட்டும் இல்லை. அபீட் எடுக்கப்போகும் நொடியில் யாராவது கையைப் பிடித்து இழுத்தால் நானும் அப்படித்தான் எரிந்து விழுந்திருப்பேன். மேட்ச் முடிந்ததும் தோல்வி, வெற்றி எதுவானாலும் திரையில் உடனே ஒரு பரிசு, ஒரு பட்டை, அடுத்த ஆட்டத்துக்கான பொத்தான். தினமும் வந்தால் ஒரு பரிசு, ஒரு நாள் விட்டால் வரிசை அறுந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு சீசன், முடிந்தால் தரவரிசை கீழே இறங்கி மறுபடி முதலிலிருந்து ஏறவேண்டும். ஹெலிகாப்டர் கிளம்பிப் போகும் கட்டமே இதில் கிடையாது. எப்போது பரிசு விழும் என்று தெரியாதபோதுதான் ஆசை அதிகம் இழுக்கும் என்பது மனவியலில் பழைய பாடம். லாட்டரிச் சீட்டு விற்றவர்களுக்குத் தெரிந்த அதே பாடம். திறந்தால் என்ன வரும் என்று தெரியாத பெட்டியைக் காசுக்கு விற்கும் முறையைப் பெல்ஜியம் 2018-இல் சூதாட்டம் என்று சொல்லித் தடுத்தது. இங்கே அதற்கு அப்படி ஒரு பெயர் வைக்க நாம் இன்னும் தயாராகவில்லை.

விளையாட்டுக்குள் நடக்கும் விற்பனை என்ன செய்யும் என்பதைப் பக்கத்துத் தெருவில் பார்த்தேன். மீன் விற்றுச் சீட்டுக் கட்டிய ஒரு அம்மா. சீட்டு எடுத்த பணம் பேங்கில் இருந்தது, பெரிய பெண்ணின் காலேஜ் ஃபீசுக்காக. கடைசிப் பிள்ளை ஏழாவது படிக்கிறான். அம்மாவின் போனில் பின் நம்பரைப் பார்த்துவைத்து, ஒரு துப்பாக்கி விளையாட்டில் காயினும் உடுப்பும் வாங்கியிருக்கிறான். நாற்பத்தொன்பது, தொண்ணூற்றொன்பது, நூற்று நாற்பத்தொன்பது என்று சின்னச் சின்னதாக, நான்கு மாதம். பேங்க் பாஸ்புக்கைப் பிரிண்ட் போட்டுப் பார்த்தபோது பதினோராயிரம் குறைந்திருந்தது. அவனைக் கூப்பிட்டு எதற்கடா இதெல்லாம் என்று நான் கேட்டேன். “வெறும் டிரஸ்ல போனா டீம்ல சேத்துக்க மாட்டாங்க மாமா” என்றான். தலையைக் குனிந்துகொண்டு, கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டே சொன்னான். கிழிந்த சட்டையோடு பள்ளிக்கூடம் போவதற்கு வெட்கப்பட்டதில்லை அந்தப் பிள்ளை. எங்கள் தெருவில் கோலி இல்லாதவனுக்கு இன்னொருவன் இரண்டு கடன் கொடுப்பான். இங்கே கடன் கொடுக்க யாருமில்லை.

துப்பாக்கி விளையாட்டு ஆடினால் பிள்ளை முரடனாகிவிடுவான் என்ற பயம்தான் பெற்றோரிடம் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சி அந்தப் பக்கம் போகவில்லை. 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில் வன்முறை விளையாட்டுகளுக்கும் வளரிளம் பிள்ளைகளின் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. நிஜ வன்முறைக்கு வீடியோ கேமைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கமும் 2020-இல் சொன்னது. கத்துவது, தள்ளுவது போன்ற சின்ன முரட்டுத்தனத்தோடு ஒரு சிறு தொடர்பு இருப்பதை மட்டும் ஒப்புக்கொண்டது. வேகமான விளையாட்டுகளை ஆடுகிறவர்களின் கண் கவனம் கூர்மையாகிறது என்று ஷான் கிரீன், டாஃப்னி பாவலியே என்ற இருவர் 2003-இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். ஆக, கெடுதி அந்தத் துப்பாக்கியில் இல்லை. அந்தத் துப்பாக்கி எதன் நேரத்தைத் தின்கிறது என்பதில் இருக்கிறது.

முதலில் தூக்கம். பிறகு கண். மருமகனுக்குப் பத்து வயதிலேயே கண்ணாடி வந்துவிட்டது. அவன் வகுப்பில் கண்ணாடி போட்டவர்களை எண்ணச் சொன்னேன். மூன்றில் ஒருவர் என்றான். எங்கள் வகுப்பில் ஒரே ஒருவன் போட்டிருந்தான், அவன் பெயரே சோடாபுட்டி. சீனாவின் குவாங்சோவில் பன்னிரண்டு பள்ளிகளில் மூன்று ஆண்டு நடத்திய சோதனை ஒன்று 2015-இல் வெளிவந்தது. பாதிப் பள்ளிகளில் தினமும் நாற்பது நிமிஷம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். அங்கே கிட்டப்பார்வை வந்தவர்கள் நூற்றுக்கு முப்பது. வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் நாற்பது. வேறு மருந்து மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. வெறும் பகல் வெளிச்சம். தோப்பில் குரங்குபோல் அலைந்த எங்களுக்கு அந்த மருந்து ஓசியில் கிடைத்தது, கிடைக்கிறது என்று தெரியாமலே.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. விளையாட்டின் மேல் கட்டுப்பாடு போய்விடுவது, சாப்பாடு, படிப்பு, உறவு எல்லாவற்றையும்விட அது முந்திக்கொள்வது, கெடுதி கண்முன் தெரிந்தும் நிறுத்த முடியாமல் போவது, இந்த நிலை பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடிப்பது. இவ்வளவும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். ஆடுகிற பிள்ளைகளில் மிகச் சிலருக்குத்தான் இது பொருந்தும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அடியும் வசவும் உதவாது, மருத்துவர் வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014-இலேயே இதற்கென்று தனிப் பிரிவு தொடங்கிவிட்டது. மற்றப் பிள்ளைகளையும் அடிமை, பைத்தியம் என்று பெற்றவர்களே அழைப்பதைக் கேட்கும்போது எனக்குப் பதறுகிறது. அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு ஒரு பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ளும்?

அரசாங்கங்கள் முயன்று பார்த்துவிட்டன. தென்கொரியா 2011-இல் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறுவரை ஆன்லைனில் ஆடக்கூடாது என்று சட்டம் போட்டது. பத்தாண்டு கழித்து அதை விலக்கிக்கொண்டது. சீனா 2021 செப்டம்பர் முதல் பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் இரவு எட்டிலிருந்து ஒன்பதுவரை அனுமதித்தது. இந்தியாவில் 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடைசெய்தார்கள். ஆனால் காரணம் பிள்ளைகள் இல்லை, தகவல் பாதுகாப்பு. மறு வருஷமே வேறு பெயரில் வந்தது, 2022-இல் மறுபடி போனது, 2023-இல் மறுபடி வந்தது. இந்த முறை பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்ற வரம்போடு. வயதை மாற்றிப் போட ஒரு பையனுக்கு எத்தனை நொடி வேண்டும்? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடுக்கிறது. நல்ல சட்டம். மீன்கார அம்மாவின் பதினோராயிரம் போன வழி அதில் அடைபடவில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது எதிரில் இருப்பவர், பிள்ளையை வெளியே விளையாட அனுப்புங்கள் என்பார். எங்கே? 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு மூவாயிரத்து இருநூறு பேர். அதற்குப் பிறகு எழும்பிய மாடிகளை அந்த எண்ணில் சேர்க்கவில்லை. நாங்கள் கில்லி அடித்த இடத்தில் மூன்று மாடி வீடுகள். காத்தாடி விட்ட இடத்தில் கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்தம். சிவாஜி சிலைப் பக்கம் ஈ.சி.ஆரைக் கடக்கப் பெரியவர்களே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம். தெருவிலும் இருபுறமும் வண்டிகள், நடுவில் பந்து ஆடினால், “என் கார் கண்ணாடிடா!” என்று மாடியிலிருந்து குரல். முதலில் மண்ணை எடுத்துக்கொண்டோம், அப்புறம் தெருவை எடுத்துக்கொண்டோம், கையில் போனைக் கொடுத்தோம். பிறகு, ஏன் போனையே பார்க்கிறாய் என்று கேட்கிறோம். லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானம் ஒன்று இருக்கிறது; அது மிஞ்சியிருப்பது பெரும் புண்ணியம். சாயங்காலம் அங்கே போய்ப் பார்த்தால் நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், நாலைந்து கிரிக்கெட் ஆட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக. ஒரு ஆட்டத்தின் ஃபீல்டர் இன்னொரு ஆட்டத்தின் பிட்சில் நிற்கிறான். அவ்வளவு பசி இந்த ஊரில் விளையாட்டுக்கு இருக்கிறது.

அக்காவின் மகளும் போனில் ஆடுகிறாள். பதினைந்து வயது. அவளை யாரும் ஜன்னலுக்குப் பின்னால் நிறுத்தவில்லை, அதில் அக்காவுக்குச் சொல்லமுடியாத நிறைவு. ஆனால் மைக்கை அணைத்துவிட்டு, ஆண் பெயர் வைத்துக்கொண்டு ஆடுகிறாள். ஏன் என்று கேட்டதற்கு, “பொண்ணு குரல்னு தெரிஞ்சா அசிங்கமா பேசுவாங்க மாமா” என்றாள், மழை வருது என்று சொல்கிற மாதிரி. தெருவில் ஒருவன் அப்படிப் பேசினால் திண்ணைக் கிழவியே எழுந்து வந்து கேட்டிருப்பாள். அந்தத் திடலில் திண்ணை இல்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். சாயங்காலமானால் பித்தளைப் பூண் போட்ட பெட்டியிலிருந்து இரும்புக் குண்டுகளை எடுத்துத் துணியால் துடைப்பார். பெத்தாங்க் ஆடப்போவார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனதில் இன்றும் மண்ணில் உருளும் ஆட்டம் அது. முதலில் ஒரு சின்ன மரப்பந்தை வீசவேண்டும். அதற்கு அருகில் யாருடைய குண்டு போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. பதின்மூன்று எடுத்தால் ஆட்டம் தீர்ந்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வந்தால் தெருவே கூடும். இரண்டு குண்டில் எது கிட்டம் என்று தகராறு வந்தால் பூணூல் தடிமனுள்ள ஒரு கயிற்றால் அளப்பார்கள். பதின்மூன்று ஆனதும் குண்டுகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். இன்னொரு ஆட்டம் ஆடுங்க தாத்தா என்று நாங்கள் கெஞ்சுவோம். நாளைக்கும் பதின்மூன்று இருக்கு என்பார்.

அவரை நினைத்துக்கொண்டுதான் தங்கையிடம் பேசினேன். “போனைப் பிடுங்காதே. எந்த நேரத்துக்கு எத்தனை மேட்ச்னு அவன்கிட்டயே கேளு” என்றேன். “நீ சொல்றது சுலபம் அண்ணே, ராத்திரி போர்வைக்குள்ள பாக்கறது நான்” என்றாள். அது உண்மை. அன்று ராத்திரியே அவள் பாரிசில் இருக்கும் ஓரகத்திக்குப் போன் போட்டாள். “அக்கா, உங்க புள்ள அங்க சாயங்காலம் ஆடறான், இங்க என் புள்ள தூங்கறதில்ல” என்று ஆரம்பித்தாள். அந்த அம்மாவுக்கு இங்கே மணி என்ன என்பது தோன்றியிருக்கவே இல்லை. இரண்டு அம்மாக்களும் மாமியார் சங்கதி உட்பட ஒரு மணி நேரம் பேசி, கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி என்று முடிவுசெய்தார்கள். அங்கே அப்போது கோடைக்கால நேரப்படி காலை பதினொன்றரை. மூன்று மேட்ச். நான்கரைக்கு மேல் இவனை நான் ஹெலிபேட் மைதானத்துக்குக் கூட்டிப் போவது என்று பேச்சு.

முதல் இரண்டு வாரம் சண்டைதான். வார நாளில் ஒருமுறை போர்வை வெளிச்சமும் தெரிந்தது. மூன்றாவது ஞாயிறு மூன்று மேட்ச் முடிந்து, அவனே எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

போன அக்டோபரில் ஒருநாள் நோட்டும் பேனாவுமாக வந்தான். “மாமா, இந்த மாசக் கடைசி ஞாயிறு அங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வெப்பாங்களாம். அவன் பதினொன்றரைக்கே வரேங்கறான். அப்போ நமக்கு நாலு மணி ஆயிடும்.” கணக்கை எழுதிக் காட்டினான். சரியாகத்தான் இருந்தது. நாலுக்குத் தொடங்கினால் மூன்று மேட்ச் முடிய ஐந்தரை. நவம்பரில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் மைதானத்தில் பந்து தெரியாது.

“என்ன பண்ணலாம்?” என்று கேட்டேன்.

பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

“அவன ஒரு மணி நேரம் முன்னாடி எழுந்திருக்கச் சொல்றேன்” என்றான்.